கூலி நோட்டில் பேர் இருக்கா?

எங்கள் பக்கத்து மண் வீட்டைச் சும்மா நிற்கவிடாது. பெரம்பலூரிலிருந்து குன்னம், வேப்பூர், செந்துறை என்று போனால் கரிசல்தான் கண்ணில் படும். மழை குடித்தால் உப்பும். பங்குனி வெயிலில் பாதம் இறங்குகிற அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நல்ல மண். அதன்மேல் கடைக்கால் ஆழம் பார்க்காமல் கட்டின வீட்டுக்கு மட்டும் பகையாளி. சன்னல் மூலையில் மயிரிழையாகத் தொடங்குகிற விரிசல் நாலைந்து மழைக்காலத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்துவிடும். அரியலூர்ப் பக்கம் போனால், "சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வெடி வைக்கிறான், அதுலதான் வீடு விண்டுபோச்சு" என்பார்கள். சில வீடுகளில் அதுவும் இருக்கலாம். நாங்கள் கடைக்கால் வரை தோண்டிப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி மண்தான்.

அந்த விரிசலில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. என் வீட்டுக்காரர் மேஸ்திரி. புது வீடு எழுப்புகிற வேலை அவருக்குக் குறைவு. கெட்டுப்போனதைச் சரிசெய்கிற வேலைதான் அதிகம். ஒழுகுகிற தளம், கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிற பழைய தொகுப்பு வீடு, மின்கசிவில் எரிந்த மளிகைக்கடை, ஐப்பசி மழையில் சரிந்த சுற்றுச்சுவர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஓடு மாற்ற ஆள் பற்றாமல் எங்கள் ஆட்களும் சாமான் மூட்டையோடு பஸ் ஏறினார்கள். நான் அவருக்குக் கணக்கு பார்க்கிறேன். யாருக்கு எத்தனை நாள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், சிமென்ட் கடைக்கு என்ன பாக்கி, எல்லாம் என் நோட்டில். அந்த நோட்டு சனிக்கிழமை கூலி போடுவதற்கு மட்டும்தான் என்று மேஸ்திரி வீடுகளில் நினைக்கிறார்கள். வேலையில் ஒருவர் அடிபட்டால் காப்பீட்டுக் கம்பெனியும் தொழிலாளர் துறையும் முதலில் கேட்கிற காகிதம் அதுதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதுக் கட்டடத்தில் எது எதைத் தாங்குகிறது என்று வேலை செய்கிறவருக்குத் தெரியும், வைத்ததே அவர்தானே. பழுது வேலையில் தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ கட்டியது. கம்பி எத்தனை போட்டார்கள், ஒயரை எந்தச் சுவர் வழியாக இழுத்தார்கள், ஒன்றும் தெரியாது. தளத்தைத் தட்டிப் பார்ப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று கவனித்தேன். சின்னச் சுத்தியல், முழத்துக்கு ஒரு தட்டு. நல்ல காங்கிரீட் 'ணங்' என்று கேட்கும். உள்ளே கம்பியைவிட்டுப் பிரிந்து நிற்கிறது 'பொதக்' என்று கேட்கும். பொதக் கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனார் எங்கள் கொத்தனார். முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் கூடம் முழுக்க வட்டம். "இதுக்குக் கீழதாம்மா இந்த வீட்டுப் பாட்டி இத்தன வருசமா பாய் போட்டுப் படுத்திருக்கு" என்றார்.

அந்த வட்டங்களை உளி வைத்துக் கொத்தி இறக்கினால்தான் துருவைச் சுரண்டி, மருந்தடித்து, திரும்பப் பூச முடியும். கொத்துகிறவரின் தலைக்கு மேலேயே அது இருக்கிறது. வேறு எங்கே நின்று கொத்துவது? முட்டுக் கொடுக்கிறோம், ஹெல்மெட் போடச் சொல்கிறோம். ஆனால் வட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் விழும் என்று காங்கிரீட் எழுதிக் கொடுக்கவில்லை. எரிந்த கடை இன்னொரு ரகம். கடும் சூடு ஏறின காங்கிரீட் இளஞ்சிவப்பாக நிறம் மாறிக் கிடக்கும். அது அழகு இல்லை, பலம் போன அடையாளம். ஈரச் சுவரில் கசிகிற கரண்ட், நாட்டு ஓட்டுக்கு அடியில் தேள், கண்ணில் தெறிக்கிற சில்லு. இதில் கண்தான் எனக்கு எப்போதும் பயம். கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் வேர்வையில் மங்குகிறது என்று நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்வார்கள்.

சரி, அடிபட்டால் யார் பொறுப்பு? மேஸ்திரியைக் கேட்டால், "நானும் அவங்களோட சேர்ந்து கரணை பிடிக்கிறவன்தானே" என்பார். வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டால், "மொத்தமா பேசி மேஸ்திரிகிட்ட விட்டாச்சு" என்பார். அடிபட்டவரைக் கேட்டால், "என் நேரம்" என்பார். சட்டம் மூன்று பேர் சொல்வதையும் கேட்பதில்லை.

வேலையில் ஏற்பட்ட விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற எண்ணம் ஜெர்மனியில் 1884-இலும் இங்கிலாந்தில் 1897-இலும் சட்டமானது. இந்தியாவுக்கு 1923-இல் வந்தது, 1924 ஜூலை 1 முதல் நடப்பில் இருந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். இதன் அடிப்படை எளிது: முதலாளி தப்பு செய்தாரா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில், விபத்து நடந்ததா? ஆம் என்றால் இழப்பீடு. கட்டடத்தைக் கட்டுவது மட்டுமல்ல, பராமரிப்பது, பழுது பார்ப்பது, இடிப்பது என்று எல்லாவற்றையும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பேர் சொல்லிச் சேர்த்திருந்தது. எந்த மாதிரிக் கட்டடம்? ஒரு தளத்துக்கு மேல் உள்ளது, அல்லது தரையிலிருந்து கூரை முகடு வரை 12 அடியோ அதற்கு மேலோ உயரம் உள்ளது. எங்கள் ஊர் ஓட்டு வீட்டு முகட்டை அளந்தால் பல வீடு இதில் வந்துவிடும்.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டம் தனியாக இல்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்பதற்குள் ஓர் அத்தியாயமாகப் போய்விட்டது. பெயரும் பிரிவு எண்ணும் மாறின. ஆள் வைத்தவர் பொறுப்பு என்கிற கரு மாறவில்லை.

ஆள் வைத்தவர் யார்? ஒப்பந்தம் பேசி, ஆட்களைக் கூட்டிவந்து, கூலி கொடுக்கிறவர். அதாவது மேஸ்திரி. அவரும் சாரத்தில் ஏறிக் கரணை பிடிக்கிறார் என்பதால் பொறுப்பு இறங்கிவிடாது. வீட்டுச் சொந்தக்காரர் மேஸ்திரி இல்லாமல் தானே ஒரு கொத்தனாரையும் சித்தாளையும் நாள்கூலிக்குக் கூப்பிட்டால்? 'அது தற்காலிக வேலை, நான் கட்டடத் தொழில் செய்கிறவன் இல்லை' என்று தப்பிக்க முன்பு வழி இருந்தது. 2000-இல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆகவே வீடு வைத்திருக்கிற ஐயாமார்களும் கொஞ்சம் யோசிக்கலாம். ஆலை விஷயம் வேறு. தன் தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்கிற வேலையை ஓர் ஆலை ஒப்பந்தக்காரரிடம் விட்டால், அடிபட்டவர் ஆலையிடமே கேட்கலாம். ஆலை கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும். சிமென்ட் ஆலைக்குள் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டிலேயே பாலிசி நகல், இ.எஸ்.ஐ. எண் என்று துருவுவது இதனால்தான். கருணையால் இல்லை.

தொகையைப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். கணக்கு இதுதான்: மாதக் கூலியில் பாதி, அதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அதுதான் உயிர் போனால் குடும்பத்துக்கு. வயதுக்கான எண் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருந்தது: 25 வயதுக்கு 216.91, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. மாதக் கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அறிவிக்கை போட்டு மத்திய அரசு இதை மாற்றும்.

எங்கள் கொத்தனாருக்கு நாள் கூலி 1,000. மாதம் பதினாறு நாள் வேலை இருந்தாலே 15,000 தாண்டிவிடும். வயது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,500 பெருக்கல் 184.17. வருவது 13,81,275 ரூபாய். உயிர் பிழைத்து, இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலை என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம்: 16,57,530 ரூபாய். ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் காயங்களுக்கான அட்டவணை 40 சதவீத இழப்பு என்கிறது. அதாவது 6,63,012 ரூபாய். கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. சித்தாள் பெண்ணுக்கு 25 வயது, 600 ரூபாய் கூலி, மாதம் 20 நாள் வேலை என்றால் மாதக் கூலி 12,000; உயிர் போனால் 13,01,460 ரூபாய். இளவயது என்பதால் கூலி குறைந்தும் தொகை பெரிதாக நிற்கிறது பாருங்கள்.

கை உடைந்து இரண்டு மாதம் படுத்தால்? அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதக் கூலியில் கால் பங்கு. 15,000 கணக்கில் மாதம் 7,500. அத்தோடு ஆன மருத்துவச் செலவும் முதலாளி தலையில்.

இந்தத் தொகையை எந்த மேஸ்திரி கையிலிருந்து எடுத்து வைப்பார்? வீட்டை விற்க வேண்டும். அதற்குத்தான் ஆட்கள் காப்பீட்டுப் பாலிசி. அமெரிக்காவில் தண்ணீரில், தீயில், புயலில் கெட்ட கட்டடத்தைச் சீர்செய்வது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. டெக்சாஸ் போன்ற விலக்கு தவிர, அங்கே ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் ஆள் வைத்தால் இந்தக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இங்கே எங்களைப் போன்ற சின்ன ஒப்பந்தக்காரருக்குப் பொறுப்பு கட்டாயம், பாலிசி கட்டாயம் இல்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் போலீஸ் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள், பத்து ஆள் உயிருக்கு இல்லாததைக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்றும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பத்து ஆள் என்றதும் ஒன்று. நிறுவனத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து இ.எஸ்.ஐ. வந்துவிட்டால், விபத்துக்கான பலனை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும், இந்த இழப்பீட்டைத் தனியாகக் கேட்க முடியாது. எங்களுடையது அதற்குக் கீழான கூட்டம்.

பாலிசி எடுக்கப் போனால் முதல் குழப்பம், எங்கே போவது என்பதே. ஊரில் எல்லாரும் எல்.ஐ.சி. ஏஜென்டைத்தான் கேட்பார்கள். இது ஆயுள் காப்பீடு இல்லை. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் என்று வண்டிக்கும் தீக்கும் இன்சூரன்ஸ் போடுகிற அரசு கம்பெனிகளும் தனியார் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் கொடுப்பது. 'லேபர் பாலிசி' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

பிரீமியம் தலைக்கு இவ்வளவு என்று இல்லை. ஆண்டு முழுக்க நீங்கள் கொடுக்கப்போகிற மொத்தக் கூலிதான் அடிப்படை. அதில் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய், வேலையின் ஆபத்தைப் பொறுத்து. இங்கேதான் நோட்டு வருகிறது. கூலியைக் குறைத்துச் சொன்னால் பிரீமியம் குறையும். "பாதியாப் போட்டுருங்கம்மா, யாரு பார்க்கப்போறா" என்று எனக்கும் ஒருவர் யோசனை சொன்னார். விபத்து நடந்துவிட்டால் தொழிலாளர் துறை உண்மையான கூலியை வைத்துத்தான் இழப்பீடு போடும். கம்பெனி, நீங்கள் காட்டின கூலிக்குத்தான் பதில் சொல்லும். இடையில் விழுகிற பள்ளம் மேஸ்திரியுடையது. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது சில ஆயிரம், பள்ளம் சில லட்சம்.

வேலையின் பெயரும் அப்படித்தான். 'பெயின்டிங்' என்று எழுதினால் மலிவாக முடியும். சுவரை இடிக்கும்போது ஒருவர் அடிபட்டால், "நீங்க பெயின்டிங்னுதானே சொன்னீங்க மேடம்" என்று கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. நான் விண்ணப்பத்தில் எழுதுவது: பழைய கட்டடங்களில் பழுது நீக்குதல், காங்கிரீட் கொத்தி அகற்றுதல், பகுதி இடிப்பு, சாரத்தின் மேல் உயர வேலை, மழையாலும் தீயாலும் சேதமான கட்டடங்களில் வேலை உட்பட. ரேட் கூடுகிறது. கூடட்டும். எந்தெந்த ஊரில் வேலை என்பதையும் இரண்டு மாவட்டத்தோடு நிறுத்தாமல் தமிழ்நாடு முழுக்க என்று போடச் சொல்கிறேன். அடுத்த புயல் எங்கே கரை ஏறும் என்று யார் கண்டார்?

மூன்று விஷயத்தைப் பாலிசியைக் கையில் வாங்கும்போதே படித்துவிட வேண்டும். மருத்துவச் செலவு உண்டா, உண்டு என்றால் எவ்வளவு வரை என்பது முதலாவது. பல பாலிசிகளில் இது தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியது. நாம் உள்ஒப்பந்தம் விடுகிற டைல்ஸ்காரர், எலக்ட்ரீஷியன் ஆட்கள் சேர்வார்களா என்பது இரண்டாவது. மூன்றாவது வட்டி. இழப்பீடு ஒரு மாதத்துக்குள் கட்டப்படாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, காரணமில்லாத தாமதம் என்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம் என்று 1923 சட்டம் வைத்திருந்தது. வட்டியை நாங்கள் தரமாட்டோம் என்று கம்பெனி பாலிசியில் எழுதிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அபராதம் எப்போதும் நம்முடையது. மெத்தனத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

இனி அந்த நோட்டு. காலையில் டீக்கடை வாசலில் நின்று, "மேஸ்திரி, இன்னைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டு வண்டியில் ஏறிக்கொள்கிற ஆள்தான் எங்கள் தொழிலில் பலவீனமான கண்ணி. பேர் தெரியாது, தெரிந்தாலும் கூப்பிடுகிற பேர்தான் தெரியும். வயது குத்துமதிப்பு. அவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. சட்டம் அவரையும் தொழிலாளியாகத்தான் பார்க்கிறது. ஒரு மாதத்துக்கும் குறைவாக வேலை செய்தவர் என்றால், அதே வேலையை அதே இடத்தில் செய்கிற மற்றவர்களின் மாத வருமானத்தை வைத்து அவர் கூலியைக் கணக்கிடுகிறது. சட்டத்துக்கு இருக்கிற அக்கறை நம் நோட்டுக்கு இல்லாவிட்டால், பாலிசி இருந்தும் அந்த ஆள் அதற்கு வெளியே நிற்பார்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தேன். உளியைத் தொடுவதற்கு முன் ஆதார் அட்டையை செல்போனில் படம் எடுக்க வேண்டும். நோட்டில் முழுப்பேர், வயது, ஊர், கூலி, வாரிசு பேர், கையெழுத்து அல்லது ரேகை. முதலில் எங்கள் வீட்டுக்காரருக்கே எரிச்சல். "சாந்து காயுது, நீ வாரிசு பேர் கேட்டுக்கிட்டு இருக்க." சித்தாள் பெண்கள்தான் முதலில் ஒத்துக்கொண்டார்கள். "அக்கா, என் பேர எழுது, என் வீட்டுக்காரன் பேர எழுதாத, என் மகன் பேர எழுது" என்றாள் ஒருத்தி. சட்டத்தில் யார் வாரிசு, யாருக்கு எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறை அதிகாரிதான் முடிவு செய்வார், அவள் சொன்னபடியே நடந்துவிடாது, ஆனாலும் எழுதினேன். நோட்டை அன்றன்றைக்கே எழுத வேண்டும். விபத்துக்குப் பிறகு உட்கார்ந்து ஆறு மாதக் கணக்கை ஒரே பேனாவில் எழுதினால், எந்த அதிகாரிக்கும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

விபத்து நடந்த நாளில் இன்னொரு காகிதம் உருவாகிறது. அரசு மருத்துவமனைக்கு அடிபட்டவரைக் கொண்டுபோனதும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்வது அதைத்தான். 'எப்படி அடிபட்டது' என்று மருத்துவர் கேட்பார். கூடப் போகிறவர்கள் மேஸ்திரியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "வண்டில விழுந்துட்டாரு சார்" என்று சொல்லிவிடுவார்கள். அத்தோடு அது வேலை விபத்து இல்லாமல் போனது. கம்பெனி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும், ஏன் பிடிக்காது? 'இன்ன ஊரில், இன்னார் வீட்டில், சன்ஷேடு கொத்தும்போது விழுந்தது' என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். பிறகு காவல் நிலையத்தில் தகவல், கம்பெனிக்கு எழுத்தில் தகவல். போனில் சொன்னது கணக்கில்லை.

குடித்திருந்தால் ஒன்றும் கிடைக்காது என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். அது பாதி உண்மை. குடிபோதையாலோ, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியதாலோ காயம்பட்டால் முதலாளி மறுக்கலாம். ஆனால் உயிரே போனாலோ, நிரந்தரமாக முழுதும் முடங்கிப்போனாலோ அந்தச் சாக்கு எடுபடாது.

எனக்கு ரொம்பக் கோபம் வருகிற இடம் பஞ்சாயத்து. ஆள் இறந்துபோவார், மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, "மேஸ்திரியும் நம்ம புள்ளதான்" என்று ஒரு தொகை பேசி, பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தப் பத்திரம் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. உயிரிழப்பு என்றால் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்தால்கூட இழப்பீடு கொடுத்ததாக ஆகாது. அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும், அவர்தான் பிரித்துத் தருவார். எங்களுக்கு அது திருச்சித் தொழிலாளர் துறை அலுவலகம். விதவையின் பங்கை மைத்துனர்கள் தின்றுவிடக்கூடாது என்று நினைத்து எவரோ நூறு வருடத்துக்கு முன் எழுதின விதி. பஞ்சாயத்தில் பணம் கொடுத்த மேஸ்திரி பிறகு வழக்கு வந்தால் இரண்டாம் முறை கட்ட வேண்டிவரும். அவருக்கும் இதில் லாபம் இல்லை.

ஒரு தச்சரின் வழக்கை நான் எல்லா மேஸ்திரிக்கும் சொல்வேன். ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் 1968 ஜூலை 6 அன்று கீழே விழுந்தார். இடது கையை முழங்கைப் பக்கம் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போனது, முழு இழப்பு ஆகுமா என்று வாதாடினார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்புதான் என்றார் இழப்பீட்டை முடிவு செய்கிற ஆணையர். கொடுக்கச் சொன்ன இழப்பீடு 9,800 ரூபாய். பாதித் தொகை அபராதம், 6 சதவீத வட்டி, எல்லாம் சேர்த்து 15,092 ரூபாய். முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்ற அந்த வழக்கில் 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: ஆணையர் சொன்னதே சரி. அதோடு, பொறுப்பு விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது, தீர்ப்பு வருகிற நாளில் இல்லை என்றும் சொன்னது. கொத்தனார், தச்சர், கம்பி கட்டுகிறவர் எல்லாருக்கும் இன்றுவரை கை கொடுக்கிற தீர்ப்பு அது.

நிவாரணத்தையும் இழப்பீட்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூர்ப் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் செத்துப்போனார்கள். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தார்கள். அது அரசின் உதவி. ஆள் வைத்தவரின் பொறுப்பை அது அடைக்காது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தருகிற உதவியும் அப்படியே. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு 2 லட்சம் தரும். நல்ல திட்டம், எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் போட்டிருக்கிறோம். ஆனால் "அதான் இருபது ரூவா இன்சூரன்ஸ் இருக்கே" என்று சொல்லி லேபர் பாலிசியைத் தவிர்க்கிற மேஸ்திரி, 2 லட்சத்தைக் காட்டி 13 லட்சத்தை மறைக்கப் பார்க்கிறார்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். எஸ்டிமேட்டில் 'ஆட்கள் காப்பீடு' என்று தனி வரி எழுதுகிறேன். முதலில் பேரம் பேசப்படுவது அந்த வரிதான். "இது உங்க செலவும்மா, எங்ககிட்ட ஏன் போடுறீங்க?" சிமென்ட்டும் எங்கள் செலவுதான், அதை உங்களிடம்தானே வாங்குகிறோம் என்பேன். சிலர் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள். சிலர் அந்த வரி இல்லாத மேஸ்திரியிடம் போவார்கள். ஆண்டு முடிவில் உண்மையில் கொடுத்த கூலியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கூடியிருந்தால் மீதிப் பிரீமியம் கட்டுவோம், குறைந்திருந்தால் பாலிசி விதிப்படி திரும்பக் கேட்போம்.

இப்போது என் தலையில் ஓடுவது வேறொரு கேள்வி. வீட்டிலிருந்து வேலை இடத்துக்கு வருகிற, திரும்பிப் போகிற வழியில் நடக்கிற விபத்தும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், வேலை விபத்தாகவே கருதப்படும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில், முன்னால் சிமென்ட் சட்டி, பின்னால் ஒருவர், அவர் தோளில் சாரக்கட்டை என்று பாடாலூர் ரோட்டில் வருகிறவர்கள். எங்கள் பாலிசியில் இன்னும் 1923 சட்டத்தின் பேர்தான் அச்சாகியிருக்கிறது. புதிய சட்டத்தின்படியான பொறுப்பும் இதில் அடங்குமா, வழி விபத்தும் சேருமா என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை சாரக்கட்டையும் ஆட்களும் லோடு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் தனித்தனியாகப் போகிறார்கள். ஆட்டோ வாடகை எஸ்டிமேட்டில் அடுத்த வரி.